முழங்கால் வலியோடு சென்னையில் பஸ் ஏற: தாழ்தளப் பேருந்து வந்தபின் நாங்கள் தெரிந்துகொண்டவை

எங்கள் வீடு வியாசர்பாடி எம்.கே.பி. நகர் பக்கம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு மருத்துவமனையில் காட்டி வருகிறோம். ஆட்டோவில் போனால் போக வர ஆயிரத்தை நெருங்கிவிடும், அதுவும் மீட்டர் போடச் சொல்லி வாக்குவாதம் செய்து முடித்த பிறகு. அதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பஸ்ஸிலும் மெட்ரோவிலும்தான் போகிறோம்.

கடந்த சில வருடங்களில் சென்னைப் போக்குவரத்தில் வந்த மாற்றங்களை அம்மாவின் முழங்காலை வைத்துத்தான் நான் அளந்திருக்கிறேன். எத்தனை புது பஸ் விட்டார்கள், எத்தனை கோடி செலவானது என்பதெல்லாம் செய்தியில் வரும். ஒரு வயதானவர் வீட்டுவாசலில் இறங்கி, யாரும் தூக்கிவிடாமல், போகிற இடம் வரைக்கும் போய்ச் சேர முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். முன்பு முடியவில்லை. இப்போது பாதிக்கு மேல் முடிகிறது. மீதி எங்கே தடுக்கிறது என்பதையும் அதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதையும் எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களோ ஊன்றுகோல், வாக்கர் வைத்து நடப்பவர்களோ இருந்தால் உதவும்.

பழைய பஸ்ஸின் வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் படியே முழங்கால் உயரத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் இன்னும் இரண்டு படி. இளைஞர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறிவிடுவார்கள். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி குறைவான காலை முதலில் வைத்து, உடம்பு முழுவதையும் கையால் இழுத்து ஏறுவார். பின்னால் நான் முதுகைத் தாங்குவேன். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவாரோ என்ற பயம் வேறு. இறங்குவது அதைவிடக் கஷ்டம். முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வலி உயிர் போகும். கடைசிப் படியிலிருந்து சாலையில் கால் வைக்கும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, இனி பஸ்ஸே வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "வேணாம்னா எப்படிப் போறது?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

தாழ்தளப் பேருந்துகள் சும்மா வந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுப் போக்குவரத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்கிறது. ஆனால் சென்னைச் சாலைகள் மேடு பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், தாழ்தள பஸ் ஓடாது என்ற வாதம் தொடர்ந்து வைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடுபவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். அதன் பிறகுதான் 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தள டீசல் பஸ்களைச் சாலையில் இறக்கியது. 2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையில் வைத்து 120 மின்சாரத் தாழ்தள பஸ்களை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் போராடி வாங்கியதன் பலனை இன்று என் அம்மா அனுபவிக்கிறார், கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் அனுபவிக்கிறார்கள், காய்கறி மூட்டையோடு ஏறுகிறவர்கள் அனுபவிக்கிறார்கள். போராடியவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இந்த பஸ்ஸின் தளம் சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரம். வாசலில் படியே கிடையாது. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடைபாதையிலிருந்து பஸ்ஸுக்குள் கால் வைக்க 250 மில்லிமீட்டர்தான் ஏற வேண்டும். ஒரு சாணைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கு மேல் டிரைவர் ஒரு பட்டனை அழுத்தினால் காற்றுச் சத்தத்தோடு பஸ் இடதுபக்கம் சற்றுச் சாய்ந்து இன்னும் தாழ்ந்துகொடுக்கும். முதன்முறை அது நடந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார், பஸ் பஞ்சராகிவிட்டது என்று நினைத்து. உள்ளே இருந்த கண்டக்டர், "ஒண்ணுமில்லமா, உங்களுக்காகத்தான் குனியுது, ஏறுங்க" என்றார். கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகில் என் கை இல்லாமல் அம்மா ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சாய்வு எல்லா நிறுத்தத்திலும் தானாக நடக்காது. டிரைவர் பார்த்துச் செய்ய வேண்டும். கூட்டத்தில் அவருக்கு யார் கால்வலிக்காரர் என்று தெரியாது. அதனால் பஸ் வரும்போதே டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் நின்று கையைக் காட்டுங்கள். ஊன்றுகோல் இருந்தால் அதைத் தெரியும்படி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா, "தம்பி, கொஞ்சம் இறக்கிக் கொடுப்பா" என்று சொல்லப் பழகிவிட்டார். கேட்டால் செய்கிறார்கள்.

இன்னொன்று, நடுவாசலில் மடக்கி வைத்திருக்கும் சாய்தளம். கோயம்பேட்டில் ஒருநாள் சக்கர நாற்காலியில் ஒரு இளைஞர் காத்திருந்தார். பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி வந்து, தரையோடு தரையாக இருந்த அந்தத் தகட்டைக் கொக்கியால் தூக்கி வெளியே விரித்தார். இளைஞர் யார் உதவியும் இல்லாமல் சக்கரத்தைக் கையால் தள்ளி ஏறினார். வாசலுக்கு எதிரே அதற்கென்று விட்டிருக்கும் காலி இடத்தில் நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கண்டக்டர் கை காட்டி நிறுத்தினார். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வாக்கர் வைத்திருப்பவர்களும் இந்தச் சாய்தளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நடுவாசலுக்கு நேராக நின்றுகொண்டு கண்டக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

உள்ளே எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். தாழ்தள பஸ் என்றாலும் உள்ளே முழுக்கச் சமதளம் இல்லை. நடுவாசலுக்குப் பின்னால் படி ஏறித்தான் பின்சீட்டுகளுக்குப் போக வேண்டும். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டுகளும் உயரமானவை, ஏறி உட்கார வேண்டும். இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற சீட்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். அங்கே யாராவது இளையவர்கள் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். "பின்னாடி காலியா இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். பின்னால் படி இருக்கிறது என்று சொன்னால் புரிந்துகொண்டு எழுந்துவிடுகிறார்கள். இது புது மாதிரி பஸ் என்பதால் பலருக்கு இந்த வித்தியாசம் இன்னும் மனதில் பதியவில்லை.

மின்சார பஸ் சத்தமில்லாமல் வந்து நிற்கும். பழைய பஸ்ஸை அது வளைவில் திரும்பும்போதே காதால் கண்டுபிடித்துவிடலாம். இப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்பார்வை குறைந்தவர்களைத் தனியாக அனுப்பும்போது இதை நினைவில் வையுங்கள். கதவுகள் தானியங்கி. கதவு மூடினால்தான் பஸ் கிளம்பும் என்பதால், ஏறிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிடும் என்ற பழைய பயம் போயே போய்விட்டது. அம்மாவுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

இனி தடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பஸ் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் நடைபாதையை ஒட்டி வந்து நின்றால்தான் அந்த ஒரு சாண் கணக்கு பலிக்கும். நிறுத்தத்தில் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் இருசக்கர வாகனங்கள். ஒரு தள்ளுவண்டி. பஸ் எங்கே போய் ஒட்டி நிற்கும்? நடுச்சாலையில்தான் நிற்கிறது. அப்போது அம்மா முதலில் நடைபாதையிலிருந்து இறங்கி, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, சாலையில் நடந்து, அங்கிருந்து 400 மில்லிமீட்டரையும் ஏற வேண்டும். பின்னால் வரும் பைக்குகள் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் புகுந்து வருகின்றன. தாழ்தளம் தருகிற நன்மையில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் போட்டு வாங்கிய பஸ்ஸை, நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன ஒரு பைக் வீணாக்கிவிடும். நாமும் அப்படி நிறுத்துகிறவர்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பஸ் நிறுத்தத்தில் வண்டியை விடாதீர்கள்.

இதைச் சமாளிக்க நாங்கள் கண்டுபிடித்த வழி, வழியில் ஏறாமல் புறப்படும் இடத்திலேயே ஏறுவது. வீட்டுக்கு அருகில் நிறுத்தம் இருந்தாலும் எதிர்த்திசையில் கொஞ்சம் நடந்து எம்.கே.பி. நகர் பஸ் நிலையத்துக்கே போய்விடுகிறோம். அங்கே பஸ் நின்று நிதானமாகக் கிளம்பும், பிடித்த சீட்டு கிடைக்கும், கண்டக்டரிடம் இறங்குமிடத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கோயம்பேடு போகும் 46ஜி அங்கிருந்துதான் புறப்படுகிறது. இறங்கும்போதும் முடிந்தவரை பஸ் நிலையத்தில் இறங்குகிற மாதிரி வழியை அமைத்துக்கொள்கிறோம். நேரமும் முக்கியம். காலை பதினோரு மணிக்கு மேல் கிளம்பி, பள்ளிக்கூடம் விடுவதற்குள் திரும்பிவிட்டால் கூட்டத்தில் இடிபட வேண்டாம். மருத்துவமனையில் நேரம் குறித்துக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கோயம்பேட்டில் இறங்கினால் பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம். தென்மாவட்டப் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிய பிறகு இங்கே நெரிசலும் குறைந்திருக்கிறது. லிஃப்ட்டில் ஏறினால் டிக்கெட் எடுக்கும் தளம், இன்னொரு லிஃப்ட்டில் நடைமேடை. ரயிலின் தளமும் நடைமேடையும் ஒரே உயரம். அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், அடுத்து ஈக்காட்டுத்தாங்கல். அம்மாவைப் பொறுத்தவரை இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுலபம். ஒரே ஒரு விஷயம்: லிஃப்ட் நிலையத்தின் எல்லா வாசலிலும் இருக்காது. இறங்கும் நிலையத்தில் எந்தப் பக்கத்து வாசலில் லிஃப்ட் என்பதை முதல் தடவையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான பக்கம் வந்துவிட்டால் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். ரொம்ப முடியாதவர்களுக்கு நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்.

முன்பு நாங்கள் போன வழி வேறு. வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்துக்கு மாறி, கிண்டியில் இறங்குவது. காசு மிகக் குறைவு, நேரமும் குறைவுதான். ஆனால் படிக்கட்டும் மேம்பாலமுமாக ஏறி இறங்க வேண்டும், ரயிலின் வாசல் நடைமேடையைவிட உயரம், நடுவில் இடைவெளி. சென்ட்ரலில் மெட்ரோவுக்காகக் கட்டிய சுரங்கப்பாதை வந்தபிறகு சாலையைக் கடப்பது எளிதாகிவிட்டது. நகரும் படிக்கட்டில் இறங்கி அந்தப் பக்கம் பார்க் நிலையம், அரசு பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை என்று போய்விடலாம். பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மேலே சாலையைக் கடக்காமல் இந்த வழியையே பிடியுங்கள். கடற்கரை முதல் செங்கல்பட்டு வரை 2025 ஏப்ரலில் விட்ட ஏசி மின்சார ரயிலில் தாம்பரத்திலிருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறேன். தானியங்கிக் கதவு, நெரிசல் குறைவு, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஆனால் எப்போதாவதுதான் வரும். நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்து காசு, டிக்கெட். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் துணைக்கு வரும் ஒருவருக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காசில்லை என்றாலும் அதற்கான டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் புதிதா பழையதா என்பதை வைத்து இலவசமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டாம். கட்டண வகை போர்டில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஏறும்போதே கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள்.

ஆண்களுக்கு என்ன என்று அப்பா ஒருநாள் கேட்டார். சென்னையில் வசிக்கும் 60 வயது முடிந்த எல்லோருக்கும், ஆண் பெண் வித்தியாசமில்லாமல், பஸ்ஸில் இலவசமாகப் போக மாதம் 10 டோக்கன் கொடுக்கிறார்கள். 2016இலிருந்து இருக்கிறது. ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். இருப்பிடச் சான்று, வயதுச் சான்று, இரண்டு புகைப்படம் கொண்டுபோய் அருகிலுள்ள பஸ் நிலையத்திலோ பணிமனையிலோ விசாரித்தால் எங்கே கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் தகுதியுள்ள பெரியவர்களில் பாதிப் பேர் இதை வாங்கவே இல்லை. நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

துணைக்குப் போகிற என் போன்றவர்களுக்கு சிங்கார சென்னை கார்டு ஒன்று போதும். 2023இல் மெட்ரோவுக்கு வந்தது, 2025 ஜனவரி முதல் மாநகர பஸ்ஸிலும் செல்லும். மெட்ரோவில் இந்தக் கார்டுக்கும் கியூஆர் டிக்கெட்டுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. பஸ்ஸில் கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினில் யூபிஐ வழியாகவும் கொடுக்கலாம். சில்லறை இல்லை என்ற பேச்சு பெரிய அளவில் அடங்கிவிட்டது. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் மாத பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏசி இல்லாத எல்லா பஸ்ஸுக்கும் 1000 ரூபாய், ஏசியும் சேர்த்து 2000 ரூபாய்.

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம், ஆட்டோவும் கூப்பிடலாம். நான் அதை அதிகம் பயன்படுத்துவது பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கத்தான். அம்மாவை நிறுத்தத்தில் வெகுநேரம் நிற்க வைக்க முடியாது, பல நிறுத்தங்களில் உட்கார இடமில்லை. வீட்டிலிருந்தே பார்த்து, பஸ் நெருங்கும்போது கிளம்பினால் போதும். வரைபடத்தில் தெரியும் புள்ளியை அப்படியே நம்பாமல் பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சிக்னல் தாமதத்தில் புள்ளி பின்னால் நிற்கும், பஸ் முன்னால் போயிருக்கும். வழியை மட்டும் செயலி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நேரம் குறைந்த வழியைக் காட்டும். நமக்கு வேண்டியது படி குறைந்த வழி. இருபது நிமிடம் கூடுதலாக ஆனாலும் எங்களுக்குக் கோயம்பேடு வழிதான் சரி.

இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக நகரமெங்கும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் வழித்தடம் பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாக வருகிறது. அது ஓடத் தொடங்கினால் எங்கள் பக்கத்து மக்களுக்குப் பெரிய விடிவு. அதுவரை வேலை நடக்கும் இடங்களில் நிறுத்தங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வயதானவர்களைக் கூட்டிப் போவதற்கு முதல் நாள் நீங்கள் ஒருமுறை அந்தப் பக்கம் போய், நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. பக்கத்து டீக்கடையில் கேட்டாலே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

புதிய நிலையங்களைத் திட்டமிடுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. லிஃப்ட் வாசலுக்கு நேராகவே பஸ் நிறுத்தம் வரட்டும். அந்த நிறுத்தத்தில் வேறு வண்டிகள் நுழைய முடியாதபடி தடுப்பு வைக்கட்டும். நடைபாதை சரியான உயரத்தில் இருக்கட்டும், உட்கார நாலு இருக்கை இருக்கட்டும். சுரங்கம் தோண்டுகிற செலவோடு பார்த்தால் இது செலவே இல்லை. பெரம்பூரில் நிலையம் திறக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பகுதியில் நிலையம் வருகிறதென்றால் நீங்களும் இப்போதே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு நிறுத்தத்தை மாற்றுவது சுலபமில்லை.